காய்ச்சல் வலிப்பு எங்கள் குடும்பத்தில் மட்டும் ஏன் விடாமல் தொடர்கிறது?

கேட்டவர் ஏழு வயதுச் சிறுவனின் தாய். மகனுக்குப் பதினோரு மாதத்தில் முதல் காய்ச்சல் வலிப்பு வந்திருக்கிறது. அதன் பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய காய்ச்சலிலும் வந்திருக்கிறது. "ஐந்து வயதில் நின்றுவிடும்" என்றார்கள், நிற்கவில்லை. போன மாதம் காய்ச்சலே இல்லாமல் ஒருமுறை வந்துவிட்டது. கணவருக்கும் சிறு வயதில் இரண்டு மூன்று முறை வந்ததுண்டு. கணவரின் அக்காவுக்குப் பள்ளிக்கூட நாட்களில் "ஜன்னி" கண்டதாகப் பேச்சு உண்டு, ஆனால் அதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. தம்பதியர் அத்தை மகன், மாமன் மகள் உறவு. மருத்துவர் மரபணுச் சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். இது பரம்பரையா, சொந்தத்தில் திருமணம் செய்ததால் வந்ததா, சோதனை அவசியமா, இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்பவை கேள்விகள்.

மரபியல் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களோடு பல ஆண்டுகளாக உட்கார்ந்து வம்சாவளி வரைபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் சொன்ன நான்கு வரிகளில் ஒரு தெளிவான வடிவம் இருக்கிறது. அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயரும் உண்டு.

முதலில் சாதாரணக் காய்ச்சல் வலிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு அது வருகிறது. மூன்றில் இரண்டு குழந்தைகளுக்கு ஒருமுறை வந்ததோடு சரி. மூளைக்குக் கேடில்லை, படிப்புக்குக் கேடில்லை. இந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னாளில் கால்கை வலிப்பு நோய் வருவதும் இல்லை. மருத்துவர்கள் "பயப்படாதீர்கள்" என்று சொல்வது இதை வைத்துத்தான், அது உண்மையும்கூட.

உங்கள் வீட்டில் நடப்பது அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டியது. ஆறு வயதுக்குப் பிறகும் காய்ச்சலில் வலிப்பு தொடர்வது, அல்லது காய்ச்சல் இல்லாமலும் வலிப்பு வருவது, இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே "காய்ச்சல் வலிப்பு பிளஸ்" என்கிறார்கள். அது ஒரே குடும்பத்தில் பலருக்குப் பல வடிவங்களில் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு "ஜெஃப்ஸ் பிளஸ்" என்று பெயரிடுகிறார்கள். காய்ச்சல் வலிப்பு மிகையோடு கூடிய மரபுவழிக் கால்கை வலிப்பு என்று அதை விரிக்கலாம். தனி ஒருவரைப் பார்த்து மட்டும் இந்தப் பெயரை வைப்பது கடினம். குடும்பத்தைப் பார்த்துத்தான் வைக்க முடியும்.

இதைக் கண்டுபிடித்த விதமே அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இங்க்ரிட் ஷெஃபர், சாமுவேல் பெர்கோவிச் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் ஒரு மாபெரும் குடும்பத்தைத் தேடிப் போனார்கள். அந்த வம்சாவளியில் 2000 பேர் பற்றிய விவரங்கள் இருந்தன. அதில் ஒரு கிளையில் மட்டும் நான்கு தலைமுறைகளில் 25 பேருக்கு ஏதோ ஒரு வகை வலிப்பு. அதுவரை இருந்த பழக்கப்படி பார்த்திருந்தால் அந்த 25 பேருக்கும் வேறு வேறு நோய்ப் பெயர்கள் கிடைத்திருக்கும். ஒருவருக்கு வெறும் காய்ச்சல் வலிப்பு, இன்னொருவருக்குச் சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வலிப்பு, வேறொருவருக்குத் திடீரென்று உடல் தளர்ந்து விழும் வலிப்பு. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவருக்குத் தசைத் துடிப்பும் விழுதலும் சேர்ந்த வகை. இவை எல்லாம் ஒரே மரபின் பல முகங்கள் என்று அவர்கள் 1997-இல் எழுதினார்கள். அந்தக் குடும்பத்தில் பொதுவாக ஒரு வயது வாக்கில் வலிப்பு தொடங்கியது, பதினோரு வயது வாக்கில் நின்றது. உங்கள் மகனுக்கு ஏழு வயது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நிற்காமல் போய்விட்டது என்று முடிவு கட்டும் காலம் இன்னும் வரவில்லை.

அந்த ஆய்வின் சாரத்தை நான் குடும்பங்களுக்குச் சொல்லும்போது பால் காய்ச்சும் பாத்திரத்தைக் காட்டிச் சொல்வேன். ஒரே அடுப்பு, ஒரே தீ, ஒரே அளவு பால். விளிம்பு தாழ்ந்த பாத்திரத்தில் முதலில் பொங்கி வழியும். எல்லா மூளைக்கும் வலிப்பைத் தாங்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் குடும்பத்தில் கைமாறி வருவது தாழ்ந்த விளிம்பு. அது உங்கள் கணவரிடம் இரண்டு மூன்று காய்ச்சல் வலிப்பாக வெளிப்பட்டு ஓய்ந்துவிட்டது. அவருடைய அக்காவிடம் கொஞ்சம் நீண்டிருக்கலாம். உங்கள் மகனிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. மூவரிடமும் இருப்பது ஒன்றே.

அந்த விளிம்பைத் தாழ்த்துவது எது? 1998-இல் இத்தகைய ஒரு பெரிய குடும்பத்தில் முதல் விடை கிடைத்தது. பத்தொன்பதாம் குரோமோசோமில் உள்ள எஸ்சிஎன்1பி என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் ஒரு புரதத்தின் 121-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டிரிப்டோபேன் உட்கார்ந்திருந்தது. 2000-இல் ஆண்ட்ரூ எஸ்கேக், மிரியம் மைஸ்லர் ஆகியோரின் குழு இரண்டு பிரெஞ்சுக் குடும்பங்களில் எஸ்சிஎன்1ஏ என்ற இன்னொரு மரபணுவில் பிழை கண்டது. இது இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. 2001-இல் காபா என்ற அடக்கும் வேதிப்பொருளை ஏற்கும் புரதத்தின் மரபணுவும் பட்டியலில் சேர்ந்தது. இன்று பெயர்கள் இன்னும் கூடியிருக்கின்றன. ஆனால் இந்தக் கதையின் நடுவில் நிற்பது எஸ்சிஎன்1ஏதான்.

நரம்பணுவின் சவ்வில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் புரதங்கள் உண்டு. பாடநூல்கள் அவற்றைக் கால்வாய் என்கின்றன. எனக்கு மதகு என்று சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் அவை திறந்து மூடுபவை. மதகு திறந்தால் சோடியம் பாய்கிறது, நரம்பணு மின்துடிப்பை அனுப்புகிறது. எஸ்சிஎன்1ஏ மரபணு அந்த மதகுகளில் ஒன்றைச் செய்வதற்கான குறிப்பு. எஸ்சிஎன்1பி மரபணு செய்வது மதகுக்குத் துணை நிற்கும் ஒரு புரதத்தை.

இங்கே ஒரு புதிர் ஆய்வாளர்களைச் சில ஆண்டுகள் அலைக்கழித்தது. எஸ்சிஎன்1ஏயில் வரும் பிழைகளில் பல மதகைப் பலவீனப்படுத்துகின்றன. மதகு பலவீனமானால் நரம்பணு குறைவாகத்தானே துடிக்க வேண்டும், வலிப்பு எப்படி வரும்? விடை எலிகளிடமிருந்து வந்தது. 2006-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வில்லியம் கேட்டரல் குழுவும், 2007-இல் ஜப்பானில் ரிக்கென் நிறுவனக் குழுவும் அதைக் காட்டின. மூளையில் தூண்டும் நரம்பணுக்கள் உண்டு, அவற்றை அடக்கி வைக்கும் நரம்பணுக்களும் உண்டு. எஸ்சிஎன்1ஏ செய்யும் மதகை மிகுதியாக நம்பி வாழ்பவை அடக்கும் அணுக்கள். மதகு கெட்டால் முதலில் சோர்ந்துபோவது அவைதான். அடக்க ஆளில்லாமல் தூண்டும் அணுக்கள் கூட்டாகக் கொந்தளிக்கின்றன. வெளியே நமக்கு அது வலிப்பாகத் தெரிகிறது.

காய்ச்சலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் கேட்டரல் குழுவின் எலிகளே தெளிவாக்கின. எஸ்சிஎன்1ஏ பழுதான குட்டிகளின் உடல் வெப்பத்தை மெல்ல உயர்த்தியபோது அவற்றுக்கு வலிப்பு வந்தது. பழுதில்லாத எலிகளுக்கு அதே வெப்பத்தில் வரவில்லை. இன்னொன்றும் கவனித்தார்கள். பிறந்து பதினேழு, பதினெட்டு நாளான குட்டிகளுக்குப் பழுது இருந்தும் வரவில்லை, மூன்று வாரத்தை எட்டியவற்றுக்கு வந்தது. மரபணு பிறவியிலேயே இருந்தாலும் அதன் விளைவு தெரிய மூளை ஒரு பருவத்தை எட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் மகனுக்குப் பிறந்தவுடன் ஒன்றுமில்லாமல் பதினோரு மாதத்தில் தொடங்கியதும் இதைப் போன்றதே. "நான் அன்றைக்கு அவனைத் தலைக்குக் குளிப்பாட்டினேன், அதனால்தான்" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்தக் குளியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தயவுசெய்து அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

எஸ்சிஎன்1ஏ என்று இணையத்தில் தேடியவுடன் டிராவே நோய்க்குறி என்ற பெயர் வந்து உங்களை அச்சுறுத்தியிருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. பிரான்சு நாட்டு மருத்துவர் சார்லட் டிராவே 1978-இல் விவரித்த கடும் வலிப்பு நோய் அது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே, பெரும்பாலும் காய்ச்சலோடு, நீண்ட நேர வலிப்பு வரும். பல நேரம் உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். அடுத்தமுறை மறுபக்கம் இழுக்கலாம். முதல் ஆண்டில் குழந்தை இயல்பாக வளர்வதுபோல் தோன்றும். இரண்டாம் ஆண்டிலிருந்து பேச்சும் நடையும் பின்தங்கத் தொடங்கும். 2001-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இந்நோயுள்ள ஏழு குழந்தைகளைச் சோதித்தார்கள். ஏழு பேருக்கும் எஸ்சிஎன்1ஏயில் பிழை, ஏழு பேரின் பெற்றோரிடமும் அந்தப் பிழை இல்லை. கருவாகும் கட்டத்தில் புதிதாக நேர்ந்த பிழைகள் அவை. டிராவே குழந்தைகளில் பெரும்பாலோர் கதை இதுதான். மதகு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று முற்றாகச் செயலிழந்துபோவது டிராவேயில் அடிக்கடி காணப்படுவது. ஜெஃப்ஸ் பிளஸ் குடும்பங்களில் பெரும்பாலும் மதகு இருக்கும், வேலையும் செய்யும், சரியாகச் செய்யாது. ஏழு வயதில் உங்கள் மகன் வகுப்பில் நன்றாகப் படிக்கிறான், சைக்கிள் ஓட்டுகிறான், தந்தைக்கும் இலேசான வரலாறு இருக்கிறது என்கிறீர்கள். இந்தச் சித்திரம் டிராவேயைச் சுட்டவில்லை.

டிராவேயைப் பற்றிப் பேசும்போது தடுப்பூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "ஊசி போட்ட அன்றைக்குத்தான் வந்தது" என்று சொல்லி அடுத்த ஊசிகளை நிறுத்திவிட்ட பெற்றோர்களை நான் சந்திக்கிறேன். தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாக முடிவு கட்டப்பட்டிருந்த 14 பேரை பெர்கோவிச் குழு 2006-இல் ஆராய்ந்தது. அவர்களில் 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ பிழை இருந்தது. ஊசிக்குப் பின் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னதாக வெளியே இழுத்திருக்கலாம். நோயை உண்டாக்கியது பிறவியிலேயே இருந்த மரபணுப் பிழை. ஊசியை ஒட்டித் தொடங்கிய டிராவே குழந்தைகளையும் ஊசியோடு தொடர்பின்றித் தொடங்கியவர்களையும் 2010-இல் ஒப்பிட்டபோது, பிற்கால வளர்ச்சியில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. தடுப்பூசியை நிறுத்துவதால் தட்டம்மைக் காய்ச்சலுக்கு வழி திறக்கிறதே தவிர வேறு பயனில்லை.

இனி, சொந்தத்தில் திருமணம். உங்கள் கேள்வியில் இதுதான் மிகவும் வலித்தது, வீட்டில் யாரோ இதைச் சொல்லிக் காட்டுகிறார்கள் என்று தெரிகிறது. ஜெஃப்ஸ் பிளஸ் பெரும்பாலும் ஓங்கு மரபாக வருவது. தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி ஒன்று வந்தாலே போதும். உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டுவது ஒடுங்கு மரபு நோய்களில், அதாவது இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களில். எஸ்சிஎன்1பியின் இரு பிரதிகளும் பழுதாகி டிராவே போன்ற கடும் நோய் வந்த குழந்தைகளும் உண்டு. ஆனால் அது மிக அரிது, கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையாகத் தொடங்குவது. உங்கள் மகனின் நிலை அதுவல்ல. நீங்கள் யாரை மணந்திருந்தாலும் உங்கள் கணவரின் குழந்தைக்கு இது வந்திருக்கக் கூடும். மெல்போர்ன் ஆய்வாளர்கள் பார்த்த அந்தப் பெருங்குடும்பத்திலும் முன் தலைமுறைகளில் உறவுத் திருமணங்கள் பின்னிக் கிடந்தன. அவர்கள் முதலில் அந்தச் சிக்கலைப் பிரித்தெடுத்த பிறகே நோயைப் படித்தார்கள். படித்து முடித்தபோது கிடைத்தது ஓங்கு மரபுதான்.

உறவுத் திருமணத்தால் ஒன்றை மட்டும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். உங்கள் இருவருக்கும் பாட்டன் பாட்டி ஒன்று என்பதால் அதே தாழ்ந்த விளிம்பு உங்கள் பக்கத்திலும் வந்திருக்கலாம். உங்கள் உடன்பிறந்தவர்கள், அப்பா, அவரோடு பிறந்தவர்கள் ஆகியோரின் குழந்தைப் பருவத்தையும் விசாரியுங்கள்.

விசாரிப்பது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். ஜன்னி, இழுப்பு, வெட்டு என்று பெயர் மாறி மாறி வரும். "காக்காய் வலிப்பு" என்ற சொல்லைக் கேட்டவுடன் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கால்கை வலிப்பு என்பது வாய்வழியே சிதைந்துதான் காக்காய் ஆனது, காகத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை. பெண்களின் வலிப்பு இன்னும் ஆழமாகப் புதைக்கப்படுகிறது, கல்யாணம் நின்றுவிடும் என்று. இந்து திருமணச் சட்டத்தில் கால்கை வலிப்பு திருமணத்துக்குத் தடையான காரணங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது, 1999-இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. அந்த அச்சத்தில் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் உங்கள் நாத்தனார். அவரைத் தனியாக, அன்பாகக் கேளுங்கள். எத்தனை வயது வரை வந்தது, காய்ச்சல் இல்லாமலும் வந்ததா, மாத்திரை சாப்பிட்டாரா, எப்போது நின்றது என்று கேளுங்கள். அவர் சொல்லும் அந்த நான்கு விடைகள் பல ஆயிரம் ரூபாய்ச் சோதனைக்குச் சமமான தகவல்.

அப்படியானால் சோதனை வேண்டாமா? வேண்டும் என்பது என் கருத்து. பரம்பரை என்று நிரூபிப்பதற்காக அல்ல, அதை உங்கள் குடும்பமே ஏறக்குறைய நிரூபித்துவிட்டது. மருந்துத் தேர்வுக்காகச் சொல்கிறேன். கார்பமாசெபின், ஃபெனிடாய்ன், லாமோட்ரிஜின் போன்ற பழகிய மருந்துகள் சோடியம் மதகை அடைத்து வேலை செய்பவை. எஸ்சிஎன்1ஏ மதகு ஏற்கெனவே பலவீனமாயிருக்கும் குழந்தைக்கு அவற்றைக் கொடுத்தால், சோர்ந்துகிடக்கும் அடக்கும் அணுக்கள் மேலும் சோர்ந்து வலிப்பு கூடலாம். டிராவே குழந்தைகளில் இது நன்கு அறியப்பட்ட உண்மை. உங்கள் மகன் இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. மேற்சொன்னவற்றில் ஒன்றாக இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவதே பெரிய வலிப்பைக் கொண்டுவரும். மருத்துவரிடம் கேளுங்கள். வால்புரோயேட், குளோபசாம் போன்ற மாற்றுகள் இருக்கின்றன.

சோதனை முடிவைப் படிப்பதில் மூன்று வகை ஏமாற்றங்கள் நேரலாம், முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஜெஃப்ஸ் பிளஸ் குடும்பங்களில் எஸ்சிஎன்1ஏ பிழை கிடைப்பது சிறுபான்மையில்தான். பல குடும்பங்களில் சிறு சிறு மாற்றங்கள் பல சேர்ந்து விளிம்பைத் தாழ்த்துகின்றன. ஆகவே "ஒன்றும் இல்லை" என்ற தாள் "பரம்பரை இல்லை" என்று பொருள்படாது. அடுத்து, "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று வரலாம். அப்போது உங்கள் கணவரிடமும் நாத்தனாரிடமும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அதற்குப் பொருள் பிறக்கும், வம்சாவளி மறுபடியும் கைகொடுக்கும் இடம் அது. மூன்றாவது, பிழை தெளிவாகக் கிடைத்தாலும் உங்கள் மகனுக்கு எத்தனை வயதில் நிற்கும் என்று அந்தத் தாள் சொல்லாது.

இந்த இடத்தில் ஒரு விலகல், உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவலாம். சில குடும்பங்களில் பெண் குழந்தைகளுக்கு மட்டும் காய்ச்சலோடு கொத்துக் கொத்தாக வலிப்பு வரும். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஒன்றும் இராது. இதற்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிசிடிஹெச்19 என்ற மரபணு என்று 2008-இல் கண்டறிந்தபோது இந்த விந்தை விளங்கியது. ஆணுக்கு ஒரே எக்ஸ், ஆகவே அவன் அணுக்கள் எல்லாம் ஒரே மாதிரிப் பழுது, அவற்றுக்குள் பிணக்கில்லை. பெண்ணின் மூளையில் பழுதான அணுக்களும் நல்ல அணுக்களும் கலந்து கிடக்கின்றன. அந்தக் கலப்பே வலிப்புக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. "ஆண்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், அதனால் எங்கள் வழியில் வரவில்லை" என்று தந்தை வழியினர் சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டாவது குழந்தை. உங்கள் கணவரிடம் ஓங்கு மரபுப் பிழை ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் வலிப்பு வருவதும் இல்லை, பிழையைச் சுமந்துகொண்டே ஒருநாளும் வலிப்பின்றி முதுமை அடைந்தவர்கள் இத்தகைய குடும்பங்களில் இருக்கிறார்கள். வந்தாலும் பெரும்பாலும் உங்கள் கணவரைப் போலவோ மகனைப் போலவோ இருக்கும். கடுமையான வடிவம் வரும் வாய்ப்பு சிறியது, ஆனால் இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பிழை உறுதியானால் கருவிலேயே சோதிக்க முடியும். இந்தியச் சட்டம் தடுப்பது பாலினம் அறிவதை, மரபணு நோய் அறிவதை அல்ல. ஆனால் எவ்வளவு கடுமையாக வரும் என்று அந்தச் சோதனை சொல்லாததால், ஜெஃப்ஸ் பிளஸுக்காகக் கருவைச் சோதிக்கும்படி நான் யாரையும் தூண்டுவதில்லை. நீங்கள் விரும்பினால் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் விடை.

அந்தக் குழந்தை பிறந்தால் ஆறு மாதத்திலிருந்து வீட்டில் வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்குத் தெளிப்பு ஒன்று, எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, எல்லாரும் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். மகனுக்கும் இன்றே அதைச் செய்யுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், முடிந்தால் ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும், அது மருத்துவருக்கு உதவும். சாவியோ இரும்போ கையில் திணிக்க வேண்டாம், வாயில் கரண்டியோ துணியோ வைக்க வேண்டாம், தண்ணீர் புகட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் தெளிப்பைக் கொடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். பாராசிட்டமால் காய்ச்சலின் அவதியைக் குறைக்கும், கொடுங்கள். அது வலிப்பைத் தடுத்துவிடும் என்று மட்டும் நம்பி இரவெல்லாம் மணிக்கு ஒருமுறை வெப்பமானியோடு விழித்திருக்காதீர்கள்.